உள்ளே ஆள் இருக்கிறது

ஜூன் 4

அண்ணனுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய், நாலாவது நிமிடம் நான் அழ ஆரம்பிப்பேன். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதுதான் நடந்தது. கடிதத்தைக் கிழிக்கலாமே தவிர நடுவில் வைத்துவிட முடியாது. கிழிப்பதற்குள் பாதியாவது படித்துவிடுவாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன்னை வரச் சொல்லவில்லை, பயப்படாதே. எனக்கு ஒரு பெயிண்டரின் யோசனை வேண்டும். எனக்குத் தெரிந்த பெயிண்டர் நீ ஒருவன்தான்.

நம் வீட்டுக் கதவுகள் ஆறும் நீ அடித்துவிட்டுப் போன அதே கரும்பழுப்பு எனாமலோடு இன்றைக்கும் பளபளவென்று நிற்கின்றன. பதினோரு வருடத்தில் ஒரு செதில் பெயரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் அடித்தது என்று கேட்பார்கள். நான் பெருமையாகச் சொல்வேன், அப்பா பேச்சை மாற்றுவார். இப்போது அந்தப் பளபளப்புதான் எங்கள் உயிரை வாங்குகிறது.

அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது என்று போனில் சொன்னேன். நீ "ம்" என்றாய். இப்போது முற்றிவிட்டது. நடைவழியின் கடைசியில் குளியலறை, அதற்கு நேர் எதிரே ஜன்னல், நீ மறந்திருக்க மாட்டாய். காலையில் வெளிச்சம் முதுகில் விழ அவர் போய் நின்றால் கதவில் அவர் உருவம் தெரிகிறது. முகம் தெரியாது, நெடுநெடுவென்று ஒரு ஆள் நிற்பது மட்டும் தெரியும். யாரோ தெரியாத ஆள் உள்ளே இருக்கிறான் என்று பயந்து உள்ளே போக மாட்டேன் என்கிறார். அடக்கி அடக்கி, முடியாமல் நடைவழியிலேயே போய்விடுகிறது. போன மாதம் அந்த ஈரத்திலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பு பிழைத்தது பெரிய விஷயம்.

கதவைத் திறந்து வைத்தால் அவரே சாத்திவிடுகிறார். அறுபது வருடப் பழக்கம். துணி தொங்கவிட்டேன், தூக்கிப் பார்க்கிறார். உன் மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், என்னைவிட அதிக தடவை தரையைத் துடைத்தவர் இவர்தான். ஆனால் இவரும் களைத்துவிட்டார். ஒரு முதியோர் இல்லத்தில் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இடம் சொல்லி வைத்திருக்கிறோம். நான் போய்ப் பார்த்தேன். ஒரு அறையில் ஆறு கட்டில், எல்லோரும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அங்கே அப்பாவை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. அவர் தானாகக் குளியலறைக்குப் போய்வந்தால் போதும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்கிறார்.

டாக்டர் சொன்னார், கதவின் மினுக்கை எடுத்துவிட்டு வெளிர் நிறத்தில் அடித்துவிடுங்கள் என்று. கடையில் போய் வெண்ணெய் நிறத்தில் தண்ணீர் பெயிண்ட் வாங்கி நானே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கை அடித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. ஐந்தாம் நாள் பால் ஆடை மாதிரி உரிந்து வந்துவிட்டது, நெஞ்சு உயரத்தில், நடுப்பலகையில். என்ன தப்பு செய்தேன் என்று சொல். வேறெதுவும் எழுத வேண்டாம்.

தங்கச்சி

ஜூன் 11

தங்கச்சிக்கு,

என்ன தப்பு செய்தாய் என்றா கேட்கிறாய்? எல்லாமே தப்பு. கண்ணாடி மேல் கஞ்சியை ஊற்றிவிட்டு ஒட்டவில்லை என்கிறாய். அது எண்ணெய் எனாமல், அதுவும் நான் அடித்தது, நாலு கை, ஒவ்வொரு கைக்கும் நடுவில் தேய்த்து. அதன்மேல் நேராகத் தண்ணீர் பெயிண்டைப் பூசினால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பெயிண்டுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

முதலில், நீ பூசியது அத்தனையையும் உரித்து எடு. மிச்சம் வைக்காதே. கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் கழற்றி, திருகாணிகளை ஒரு டப்பாவில் போடு. கீலைக் கழற்ற வேண்டாம், டேப் ஒட்டிக்கொள். வெந்நீரில் சலவை சோடா கரைத்துக் கதவு முழுக்கக் கழுவு. கைப்பிடியைச் சுற்றிப் பதினோரு வருடக் கை எண்ணெய் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அங்கே இரண்டு தடவை கழுவு. பிறகு நல்ல தண்ணீரில் சோடா போகத் துடை. கழுவாமல் தேய்த்தால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றுவதுதான் நடக்கும்.

காய்ந்ததும் நூற்றெண்பது நம்பர் உப்புத்தாள், தண்ணீர் போட்டுத் தேய்க்கிற ரகம். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். என் பெயிண்டுக்கு அடியில் எந்தக் காலத்துப் பெயிண்டெல்லாம் இருக்கிறதோ, அந்தத் தூள் பறந்து வீட்டில் இருக்கிறவர்கள் மூச்சில் போகக் கூடாது. மரம் வரைக்கும் தோண்டாதே. மினுக்கு செத்தால் போதும். ஆனால் முழுசாகச் சாக வேண்டும். டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார், எங்கே பளிச்சென்று தெரிகிறதோ அங்கே பெயிண்ட் நிற்காது. மூலையும் விளிம்பும்தான் ஏமாற்றும்.

அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிரைமர். கடையில் "மினுக்குப் பரப்பின் மேல் பிடிக்கிற பிரைமர்" என்று கேட்டு வாங்கு, சுவர் பிரைமரைத் தலையில் கட்டிவிடுவான். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிளேடால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. டேப்போடு பெயிண்ட் வந்தால் மறுபடி முதலிலிருந்து. வராவிட்டால் மேல் கை அடிக்கலாம். மேட் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கை. கெட்டியாக ஒரே கை அடித்து முடிக்கப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே பெரிய ஓட்டல் ஒன்று கட்டுகிறார்கள். நானூறு கதவு. எனக்குக் கீழே ஒன்பது பேர். இதே பாடத்தைத் தினமும் அவர்களிடம் கத்துகிறேன், அதனால் உனக்கு எழுதுவதில் சிரமமில்லை.

உங்கப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயாக எழுதினாய், படித்தேன். அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். ஒட்டாத பெயிண்ட் முதலில் விளிம்பில் விடும், கைப்பிடி ஓரத்தில் விடும், கீழே தண்ணீர் தெறிக்கிற இடத்தில் விடும். நீ நெஞ்சு உயரம், நடுப்பலகை என்கிறாய். அங்கே யார் கையும் படாதே. அங்கே என்ன நடக்கிறது?

அண்ணன்

ஜூன் 19

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. திட்டு நிறைய, யோசனை கொஞ்சம் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் சரிபாதி இருந்தது, சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு நானும் இவரும் இறங்கினோம். கழுவின தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது, தினமும் துடைக்கிற கதவு. தேய்க்க ஆரம்பித்தால் உன் எனாமல் லேசில் விடுவதாக இல்லை. இவர் சொன்னார், "உங்க அண்ணன் அடிச்ச மினுக்கு, உங்க அண்ணன் மாதிரியே எறங்கி வர மாட்டேங்குது." எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. மதியத்துக்குள் விரல் நுனியெல்லாம் தோல் வழன்றுவிட்டது. மறுநாள் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போது என் கையைப் பார்த்து அவர் ஒரு மாதிரி ஒதுங்கினார்.

டார்ச் பிடித்துப் பார்த்தேன். நீ சொன்னபடி மூலைகள்தான் ஏமாற்றின. அவற்றை மறுபடி தேய்த்தேன். பிரைமர் அடித்து ஒரு நாள் காயவிட்டேன். டேப் வெறுமனே வந்தது. உனக்கு உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஆனால் மறுநாள் பார்த்தால் பிரைமர் மேல், அதே நெஞ்சு உயரத்தில், நாலு கோடு. பக்கத்தில் இன்னொரு நாலு கோடு. உரியவில்லை, கீறல் மட்டும்தான். பிரைமர் மட்டமான சரக்கா? இன்னும் காய வேண்டுமா? நீ கேட்ட சந்தேகத்துக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அது வெயில் படுகிற இடம், அதனால் இருக்கும்.

அப்பாவைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரி. நானும் சொல்லாமல் விடலாம், ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். நான்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன், நகம் வெட்டுகிறேன், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறேன். என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நர்ஸ் என்று நினைப்பு. நேற்று என்னிடம், "உங்க வீட்ல யாரும் தேட மாட்டாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். தேட மாட்டார்கள் ஐயா என்றேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் இப்படித்தான் யாரோவாக நின்றேன். அவர்மேல் உனக்கிருந்த கோபத்துக்கு நான் என்ன செய்தேன்? நீ அவரை விட்டுப் போனதாக எல்லோரும் சொல்கிறார்கள். என்னையும்தான் விட்டுப் போனாய், அதை ஒருவரும் சொல்வதில்லை.

தங்கச்சி

ஜூன் 25

தங்கச்சிக்கு,

பிரைமரில் குறையில்லை. டேப்புக்கு வராதது வெயிலுக்கு வராது. நாலு கோடு, பக்கத்தில் நாலு கோடு என்றால் அது நகம். கட்டைவிரல் மட்டும் பதியாது. அந்த உயரத்துக்கு உன் கை போனால் கோடு மேலிருந்து கீழே சாய்ந்து விழும், நீ குள்ளம், சின்ன வயசில் உன்னை எறும்பு என்று கூப்பிட்டது சும்மாவா. நேராக விழுந்திருந்தால் உயரமான ஆள். அந்த வீட்டில் உயரமான ஆள் ஒருவர்தான்.

முப்பது வருடமாகக் கதவு பார்க்கிறேன். கதவைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் கோபக்காரர், யார் காலால் சாத்துகிறவர் என்று சொல்லிவிடுவேன். பயந்தவன் கதவிடம் போக மாட்டான், எறும்பு. பயந்தவன் பின்வாங்குவான். துணியைத் தூக்கிப் பார்க்கிறார் என்று எழுதினாய், அப்போதே எனக்கு இடித்தது. நீ பூசிய வெண்ணெய் நிறத்தை உரித்ததும் அவர் கைதான். அவர் எதையோ தேடுகிறார். நீ எதையோ மறைக்கிறாய்.

கல்யாணத்தைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன், ஒரே தடவைதான். அந்த ஆறு கதவும் உனக்கு என் சீர். வேறெதுவும் கொடுக்க என்னிடம் இல்லை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து அடித்து, ஐந்து வாரம் ஆயிற்று. வீடு நிறைய ஆள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். வரைபட ஆபீசில் இருந்த மனுஷன், மயிரிழை பிசகினால் தாளைக் கிழித்துப் போடுகிற ரகம். விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, "தூரத்துல நின்னு பார்த்தா நல்லாத்தான் இருக்கு, இவன மாதிரியே" என்றார். வீடே சிரித்தது. நீயும் சிரித்தாய். உனக்கு ஞாபகமிருக்காது.

நான் வாசலில் நின்று சொன்னேன், இவர் வாயால் என்னைக் கூப்பிடுகிற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன் என்று. இதுவரை கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிட அவருக்கு என் ஞாபகமே இருக்காது. ஆக, முடிந்துபோன கதை.

மேல் கை அடித்துவிடு. நகத்துக்கு நிற்கும், ஆனால் முழுசாக இறுக இரண்டு வாரம் ஆகும், அதுவரை கதவில் ஈரத் துண்டு போடாதே. அவர் கதவில் எதைத் தேடுகிறார் என்று மட்டும் எழுது.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

ஆமாம், நகம்தான். நான் பொய் எழுதினேன்.

அவர் பயப்படவே இல்லை. கதவில் தெரிந்தது அவருக்குத் தெரியாத ஆள் இல்லை, நீ. அந்த உயரம், அந்தத் தோள், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற நிற்பு, உனக்கும் அவருக்கும் ஒரே அச்சு. முகம் தெரியாததால் வயசும் தெரியவில்லை. தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், கதவைப் பார்ப்பார், "பெரியவன் உள்ள இருக்கான். வரட்டும்" என்பார். காலை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு நிற்பார். கதவிடம், "மெதுவா வாடா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்பார். அவசரம் முட்டிக்கொண்டு முகமெல்லாம் வேர்த்திருக்கும். நனைந்த பிறகும் நகர மாட்டார். "நீ வர்ற வரைக்கும் நிக்கிறேன்" என்பார்.

ஏழு மாதம், அண்ணா. ஒரு காலை தவறாமல் உன்னைக் கூப்பிட்டார். அவர் வாயால்தான் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் உனக்குச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். எட்டடி தூரத்தில் துடைக்கிற துணியோடு நான் நிற்கிறேன், என்னை யார் என்று தெரியவில்லை. வீட்டைவிட்டுப் போனவனுக்காக மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வயிறெரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல வார்த்தை தேடவில்லை. இவ்வளவையும் நான் செய்ய, கடைசியில் கிடைக்கிற ஒரே அழைப்பும் உனக்கா என்று இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த உருவத்தை அழிக்கிற வழியை உன் கையாலேயே எழுதி வாங்க வேண்டும் என்றும் ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. நீ இவ்வளவு பொறுமையாக, சலவை சோடாவிலிருந்து ஆரம்பித்து எழுதுவாய் என்று நினைக்கவில்லை. இரண்டாவது தடவை படிக்கும்போது அழுதுவிட்டேன்.

வெண்ணெய் நிறத்தை அடித்த அன்றே "கதவ ஏன் அடைச்சீங்க, உள்ள ஆள் இருக்கு" என்று சுரண்ட ஆரம்பித்தார். பிரைமரையும் அதனால்தான் கீறினார்.

இரண்டு கையும் அடித்தாயிற்று. சுண்ணாம்புச் சுவர் மாதிரி நிற்கிறது, ஒரு நிழல் விழவில்லை. வியாழக்கிழமை காலை அப்பா போனார். கதவைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கைப்பிடியைத் திருப்பி உள்ளே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள் மாதிரி நின்றோம். அப்பா வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், பெரியவன் போயிட்டானா? சொல்லாமக்கூடப் போயிட்டானே."

அன்றிலிருந்து மற்ற ஐந்து கதவுகளிலும் உன்னைத் தேடுகிறார். நேற்று சமையலறைக் கதவில் ஓடிப்போய் முட்டி நெற்றி வீங்கிவிட்டது. அவற்றையும் தேய்த்தாக வேண்டும். என் கையில் தோல் இல்லை. நீ வா.

எறும்பு

ஜூலை 8

எறும்புக்கு,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன்னைத் திட்டி ஒன்று, என்னைத் திட்டி ஒன்று. இரண்டும் ஒட்டவில்லை.

ஏழு மாதம் நின்றாரா? நான் இங்கே நானூறு கதவுக்கு மினுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். ஒன்பது பேரையும் துணைக் கங்காணியிடம் விட்டிருக்கிறேன். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காதே. என்னைப் பார்த்ததும் என்ன சொல்லுவார் என்று எனக்கு நேராகத் தெரிய வேண்டும்.

உப்புத்தாளும் பிரைமரும் நானே கொண்டுவருகிறேன். நீ ஒரு கதவையும் தொடாதே.

அண்ணன்

ஜூலை 27

அண்ணா,

இது என்ன பழக்கம்? ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் உன் படுக்கை சுருட்டி வைத்திருக்கிறது, பை இல்லை, ஐந்து கதவும் காய்ந்துகொண்டிருக்கின்றன. டப்பாவை மூடி, பிரஷ்ஷைக் கழுவி, தரையைத் துடைத்துவிட்டுப் போக நேரம் இருந்தது, என்னை எழுப்ப மட்டும் நேரம் இல்லை. இரண்டாவது தடவையாக என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறாய். மூன்றாவது தடவைக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

முதல் நாள் நடந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்பா, அண்ணன் வந்திருக்கான்" என்று நான்தான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன். அவர் உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்து "எங்க?" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "வாங்க, கதவு வேலைக்கா?" என்றார். நீ "ஆமாங்க" என்றாய். விடு எறும்பு, இப்படியே இருக்கட்டும் என்று என் தோளைத் தட்டினாய். நாலு நாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். அதற்கப்புறம் என்ன ஆயிற்று?

இங்கே நிலவரம் சொல்கிறேன். அப்பா தானாகப் போய்வருகிறார். மூன்று வாரமாக நடைவழி காய்ந்திருக்கிறது. இல்லத்துக்கு இவரே போய் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. காலையில் எழுந்ததும் அப்பா வாசல் கதவுக்கு வந்து நிற்கிறார். "சிஸ்டர், பெயிண்டர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்காருகிறார். அரைமணிக்கு ஒரு தடவை வந்து மறுபடி கேட்கிறார். நேற்று பத்தொன்பது தடவை. நான் கடைக்குப் போயிருந்த அந்தக் கடைசி நாள் உங்களுக்குள் என்ன பேச்சு நடந்தது? நான் அவருக்கு என்ன பதில் சொல்வது?

எறும்பு

ஆகஸ்ட் 3

எறும்பு,

எழுப்பினால் அழுதிருப்பேன். அதனால் எழுப்பவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வராது, கேட்டதாக வைத்துக்கொள்.

நீ கடைக்குப் போன பிறகு, பிரைமர் காய்ந்த படுக்கையறைக் கதவை மேல் கைக்காக லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்த மூலை விட்டுப் போச்சு தம்பி" என்று வேலை சொன்னார். உண்மையாகவே விட்டுத்தான் போயிருந்தது. தேய்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"எங்க பெரியவனும் இந்த வேலைதான் தம்பி. சுத்தமான வேலைக்காரன்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஐம்பத்திரண்டு வயசில். கை நின்றுவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நான் அவனை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். என்ன வார்த்தைன்னு இப்ப ஞாபகம் வரல. சொல்லக் கூடாத வார்த்தைன்னு மட்டும் தெரியுது. நீங்க எல்லாம் ஒரே தொழில்ல இருக்கிறவங்க. எங்கயாவது அவனைப் பார்த்தா, அப்பா கூப்பிட்டாருன்னு சொல்லுங்க."

உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையெல்லாம் ஈரமும் பெயிண்ட் சேறும். "நான்தாம்பா. நான்தான் பெரியவன்" என்றேன். என் முகத்தை நிதானமாகப் பார்த்தார், ஒரு வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே. அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல மனசு தம்பி உங்களுக்கு. அவன் உங்களைவிட ரொம்பச் சின்னவன்" என்றார்.

சொல்றேன் ஐயா என்றேன்.

மிச்சக் கதவை முடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை அவர் தேடிக்கொண்டிருந்த கதவுகளையெல்லாம் நானே தேய்த்து எடுத்து, ஒன்றும் தெரியாமல் அடித்து முடித்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது, நீயே பார்த்திருப்பாய். இன்னொரு நாள் இருந்து அவரை ஐயா என்று கூப்பிட எனக்குத் தெம்பு இல்லை, ஓடி வந்துவிட்டேன்.

ஆனால் அவர் பதிலுக்காக நிற்கிறார் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் படித்துக் காட்டு. பத்தொன்பது தடவை கேட்டால் பத்தொன்பது தடவையும் படி, நீ களைத்தால் மாப்பிள்ளையைப் படிக்கச் சொல். மாதக் கடைசியில் வருகிறேன். பெயிண்டராகத்தான் வருவேன், கதவைச் சோதிக்க வந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்

ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், அவரைக் கண்டுபிடிக்க நாளாகிவிட்டது.

உங்கள் பெரியவரைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிறகு, அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் ஞாபகமில்லை என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தூர வேலையில் இருக்கிறார், அதனால்தான் சட்டென்று வர முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லச் சொன்னார். உங்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இந்தத் தாளை இப்போது உங்களுக்குப் படித்துக்கொண்டிருக்கிற சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இல்லை ஐயா. அவர் உங்கள் மகள். அவர் கல்யாணத்தன்று அண்ணன் கூட இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போய்விட்டார். அதற்காக உங்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நீங்கள் அவர் தலையில் கை வைத்தால் அது உங்கள் மகனுக்கும் சேர்த்துதான்.

தான் கூப்பிட்டது மகன் காதில் விழுந்ததா என்று ஐயா கேட்பார், நான் என்ன சொல்லட்டும் என்று அவரிடம் கேட்டேன். விழுந்தது என்று சொல்லுங்கள் என்றார்.

இப்படிக்கு,
பெயிண்டர்